பாலத்தைப் படம் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரிதானா என்று பாருங்கள். ஊர் குடியாத்தம் பக்கம். கட்டுமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. வட ஆற்காட்டுப் பழைய பாலங்களைப் பற்றி ஒரு கட்டுரை தயாரிக்கிறீர்கள். போன வாரம் பாலாற்றுப் படுகையில் இறங்கி, ஒரு சாலைப் பாலத்தின் தூண்களைக் கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்தபோது சீருடை போட்ட ஒருவர் மேலிருந்து குரல் கொடுத்தார். "பாலத்தை எல்லாம் போட்டோ எடுக்கக் கூடாது, தேசப் பாதுகாப்பு" என்று சொல்லி, நாற்பது படங்களையும் தம் கண்ணெதிரிலேயே அழிக்க வைத்தார். அவர் சொன்னது சட்டமா, இனி எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

எடுக்கலாம். பொது இடத்தில் நின்று ஒரு சாலைப் பாலத்தைப் படம் எடுப்பதைப் பொத்தாம்பொதுவாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. அதற்காக அந்தச் சீருடைக்காரர் முழுக்கக் கற்பனையில் பேசினார் என்றும் சொல்ல மாட்டேன். அவருக்குப் பணியில் சேர்ந்த நாளில் யாரோ சொல்லிக் கொடுத்தது அது. சொல்லிக் கொடுத்தவருக்கு அதற்கு முன்னால் யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தச் சங்கிலியைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் 1923-இல் போய் முட்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. முப்பது வருடம் வேலூரில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து போக, என் வீட்டு உலை பாதி நாள் கொதித்தது கான்ட்ராக்டர்களால்தான். பாலம், மதகு, மேல்நிலைத் தொட்டி என்று அரசு வேலை எடுத்தவர்கள், வேலை எந்த அளவில் நிற்கிறது என்று காட்டப் பில்லோடு படம் வைப்பார்கள். ஆகவே பாலத்தைப் படம் எடுத்ததற்காகத் திட்டு வாங்கியவனும் நான்தான், படம் சரியில்லை என்று பில் நின்றுபோனதற்காகத் திட்டு வாங்கியவனும் நான்தான்.

அந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அலுவல்சார் ரகசியச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது, இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'தடைசெய்யப்பட்ட இடம்' என்று ஒரு வரையறை உண்டு, பிரிவு 2-இன் 8-ஆம் உட்பிரிவு. எல்லாச் சிக்கலும், எல்லாத் தீர்வும் அந்த ஒரு வரையறைக்குள் இருப்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராணுவ, கடற்படை, விமானப்படைத் தளங்கள், ஆயுதக் கிடங்குகள் போன்றவை தாமாகவே தடைசெய்யப்பட்ட இடங்கள். அவற்றுக்குத் தனி அறிவிப்பு வேண்டியதில்லை. ரயில் பாதை, சாலை, கால்வாய், அவற்றைச் சேர்ந்த கட்டுமானங்கள், குடிநீர், மின்சார நிலையங்கள் ஆகியவை அப்படி அல்ல. எதிரிக்குப் பயன்படும் என்ற காரணத்தைக் காட்டி ஒன்றிய அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பின் நகலை அந்த இடத்திலேயே ஆங்கிலத்திலும் அந்த வட்டார மொழியிலும் ஒட்டி வைக்கவும் வேண்டும். நம் ஊரில் வட்டார மொழி என்றால் தமிழ்.

இப்போது உங்கள் பாலத்தை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் என்ன ஒட்டியிருந்தது? நான் பார்த்தவரை மூலம், பவுத்திரம் விளம்பரமும், மறைந்த தலைவர் ஒருவருக்கு நினைவஞ்சலிச் சுவரொட்டியும்தான் இருக்கும். அரசிதழ் அறிவிப்பு ஒட்டிய பாலம் எதையும் பாலாற்றின் மேல் நான் பார்த்ததில்லை.

அதோடு, அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, வெறுமனே படம் எடுப்பதைக் குற்றமாக்கவில்லை. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு செய்யும் நோக்கம் வேண்டும் என்கிறது. இதைப் படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். அதே பிரிவில் அடுத்து ஒரு கொக்கியும் இருக்கிறது: அந்த நோக்கத்தைக் காட்டும் தனிச் செயல் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, சூழ்நிலையிலிருந்தும் நடத்தையிலிருந்தும் ஊகித்துக்கொள்ளலாம். பாதுகாப்புத் தளம் தொடர்பானது என்றால் 14 ஆண்டு வரை சிறை, மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை. நூறு ஆண்டுக்கு முன்னால், ஆள வந்தவன் ஆளப்பட்டவனை நம்பாத காலத்தில் எழுதிய வாசகம் அது. அதன் வாடை இன்னும் போகவில்லை.

நீதிமன்றங்கள் அந்த வரையறையை இழுத்து நீட்ட விடுவதில்லை என்பது ஆறுதல். 2022-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு ஒரு வழக்கில், காவல் நிலையம் என்பது இந்தச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடம் அல்ல, அதற்குள் வீடியோ எடுத்தது இந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகாது என்று கூறி வழக்கை ரத்து செய்தது. வரையறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு என்பது அதன் சாரம். காவல் நிலையத்துக்கே அப்படியென்றால் மூலம் பவுத்திரம் ஒட்டிய பாலத்துக்குச் சொல்ல வேண்டுமா?

ஆனால் நம் பழைய வட ஆற்காட்டில் விளையாடக் கூடாத இடமும் ஒன்று இருக்கிறது. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி. 1992-இல் தொடங்கப்பட்ட கடற்படை விமானத் தளம், நெடுந்தூரக் கடல் கண்காணிப்பு விமானங்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. அது தானாகவே தடைசெய்யப்பட்ட இடம். வேலிக்கு வெளியே பொதுச் சாலையில் நின்றிருந்தேன் என்ற பதில் அங்கே உதவாது, ஏனென்றால் தடைசெய்யப்பட்ட இடத்துக்கு உள்ளே போவதை மட்டுமல்ல, அதன் அருகே இருப்பதையும் சட்டம் சேர்த்தே பேசுகிறது. விமானம் இறங்குவது அழகான காட்சிதான். கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். எதை எடுக்கிறோம் என்பதைவிட எங்கே நிற்கிறோம் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ராஜாளி நல்ல உதாரணம்.

ரயில் பாலங்களுக்கும் அதே கணக்குதான், வேறு காரணத்துக்காக. 1856-இல் இராயபுரத்திலிருந்து இன்றைய வாலாஜா ரோடு வரை ஓடியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பழைய ரயில் கட்டுமானத்தைப் பற்றி எழுத நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் தண்டவாளம், பாலம், அதையொட்டிய ரயில்வே நிலம் எல்லாம் ரயில்வேயின் உடைமை. அனுமதியில்லாமல் நுழைந்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே தண்டனைதான். ரயில் பாலத்தை ஆற்றின் நடுவிலிருந்தோ பக்கத்துச் சாலைப் பாலத்திலிருந்தோ எடுங்கள், யாரும் 147-ஐக் காட்ட முடியாது. பாலத்தின் மேல் ஏறி எடுத்தால் வேறு சட்டமே தேவையில்லை. அதைவிட முக்கியம், தலைக்கு மேல் போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. தொட வேண்டும் என்பதில்லை, செல்ஃபி குச்சியோ ட்ரைபாட் காலோ நெருங்கினாலே தாவிப் பிடிக்கும். என் பயமெல்லாம் உளவு வழக்கைப் பற்றி அல்ல, அந்தக் கம்பியைப் பற்றித்தான்.

ரயில் நிலையத்தில் நானும் ஒருமுறை சிக்கியிருக்கிறேன். 1994 என்று நினைவு. எந்த நிலையம் என்பது வேண்டாம். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போய், பழைய வார்ப்பிரும்புத் தூண்களையும் கூரைத் தாங்கிகளையும் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் அதிகாரி வந்தார். பேச்சு வளர்ந்தது. நானும் அப்போது இளரத்தம், "எந்தச் சட்டம்?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை அப்படிக் கேட்கக் கூடாது என்று அன்றுதான் கற்றேன். கேமராவின் பின்மூடியைத் திறந்தார், ரோலைப் பிடித்து இழுத்தார், முழநீளத்துக்குப் பழுப்பு நிறச் சுருள் வெயிலில் தொங்கியது. அதில் ரயில் நிலையம் ஒன்பது படம். மீதி 27, அதற்கு முதல் நாள் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் நடந்த நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியது, மோதிரம் போட்டது, பாட்டி ஆசி கொடுத்தது எல்லாம் அந்தச் சுருளில். அந்தப் பாட்டி கல்யாணத்துக்குள் காலமாகிவிட்டார். அவருடைய கடைசிப் படம் தேசப் பாதுகாப்புக்காக வெயிலில் கரைந்தது என்று அந்த வீட்டாரிடம் போய் எப்படிச் சொல்வது? பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் அதற்குப் பிறகு என்னை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை.

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. பயணிகள் கைபேசியில் எடுப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. சினிமா, விளம்பரம், கல்யாணப் படப்பிடிப்பு என்று போனால் ரயில்வேயிடம் முன் அனுமதியும் கட்டணமும் உண்டு. உங்கள் கட்டுரைக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுவது நல்லது. யாருக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், அதிகாரமில்லாப் போலீஸ். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரருக்கு 1981-இல் மீண்டும் லிங்கம் வந்துவிட்டதால் நாலாவது பொய்யாகிவிட்டது. ஐந்தாவது, கோட்டைக்குள் பயிற்சிக்கு வந்த காவலர்களைப் பற்றியது, அவர்கள் படிக்கிறார்கள், பிடிக்க மாட்டார்கள். இதை எதற்கு இழுக்கிறேன் என்றால், உங்களைத் தடுப்பவர் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சீருடை எல்லாம் ஒன்றல்ல. சுங்கச்சாவடியில், கட்டுமான இடத்தில், நீரேற்று நிலையத்தில் நிற்கும் தனியார் காவலாளிக்குத் தம் வளாகத்துக்குள் உங்களை விடாமல் இருக்க உரிமை உண்டு. பொதுச் சாலையில் நிற்பவரின் கைபேசியை வாங்க உரிமை இல்லை. ரயில்வே பாதுகாப்புப் படைக்கு ரயில்வே எல்லைக்குள் கைது செய்யும் அதிகாரமே உண்டு. காவல் துறைக்குச் சந்தேகத்துக்குரிய பொருளைக் கைப்பற்ற அதிகாரம் உண்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 106-ஆம் பிரிவு. கைப்பற்றினால் நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். 105-ஆம் பிரிவின்படி அந்தக் கைப்பற்றுதலையே ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். 2024 ஜூலை முதல் இது நடைமுறை.

படத்தை அழி என்று சொல்லும் அதிகாரம் இவர்களில் யாருக்கும் கொடுக்கப்பட்டதாக நான் பார்த்த சட்டம் எதிலும் இல்லை. கொஞ்சம் யோசித்தாலே வேடிக்கை புரியும். நீங்கள் செய்தது குற்றம் என்றால் அந்தப் படம்தான் சாட்சியம், அதை அழிக்க வைப்பது சாட்சியத்தை அழிப்பது. குற்றம் இல்லை என்றால் அழிக்கச் சொல்ல முகாந்திரமே இல்லை. ஆனால் இந்தத் தர்க்கத்தை ஆற்று மணலில் நின்று பேசாதீர்கள். அங்கே வெல்வது தர்க்கம் அல்ல.

அங்கே வெல்வது முன்கூட்டியே பேசுவதுதான். பாலத்தடியில் இறங்குவதற்கு முன் மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். டீக்கடைக்காரரோ, இளநீர் வெட்டுபவரோ, காவலாளியோ, யாராக இருந்தாலும் நானே போய், "அண்ணே, இந்தப் பாலம் எந்த வருஷம் கட்டினது?" என்று கேட்பேன். பதில் சரியாக வராது. அது முக்கியம் இல்லை. பேச்சு தொடங்கிவிட்டால் நான் மறைந்து எடுப்பவன் இல்லை என்று ஆகிவிடுகிறது. பிறகு எடுத்த படத்தை அவருக்கே காட்டுவேன். "என்னையும் ஒண்ணு எடுங்க" என்பார். பாதிப் பாலங்களின் முன்னால் இப்படி யாராவது ஒருவர் கைகட்டி நிற்கும் படம் என்னிடம் இருக்கிறது. தூணின் உயரத்தை ஒப்பிடவும் அது உதவுகிறது.

இதில் ஒரு கசப்பையும் சொல்லாமல் விட முடியாது. இதே டீக்கடைப் பேச்சு எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மேல்விஷாரத்து நண்பர் ஒருவரோடு பல தடவை போயிருக்கிறேன். என் பெயரைக் கேட்டுவிட்டு "சரி சார்" என்றவர், அவர் பெயரைக் கேட்டதும் ஊர், தகப்பனார் பெயர், ஆதார் என்று நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். கேமரா அவரிடம் இருந்ததுகூட இல்லை. ஆகவே எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது உங்களிடம் சொன்னால் சொல்பவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி அடையாள அட்டையும், துறைத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதமும் எப்போதும் பையில் இருக்கட்டும். சட்டம் கேட்கவில்லைதான், நடைமுறை கேட்கிறது.

இவ்வளவு தொல்லைப்பட்டு எடுக்கத்தான் வேண்டுமா என்று உங்கள் அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பாலத்தை 1996 முதல் பொங்கலுக்கு மறுநாள், ஒரே இடத்தில் நின்று எடுத்து வருகிறேன். கரையிலிருந்து நாலாவது தூண். முதல் படத்தில் தூணைச் சுற்றி மணல், பையன்கள் அதையே ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். கோடு செதுக்கி, மூலை பிடித்துக் கட்டிய கல் மட்டும்தான் கண்ணில் படுகிறது. பத்து வருடம் கழித்த படத்தில் அந்த நேர்த்தியான கல்லுக்குக் கீழே இன்னொரு கல் வரிசை, முகம் கொத்தாத முரட்டுக் கல். கட்டியவர்கள் அதை ஏன் கொத்தவில்லை? மண்ணுக்குள் இருக்கப் போவது, யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான். அதற்கும் பிறகு எடுத்த படத்தில் அதன் கீழே வட்டமாக ஒரு விளிம்பு தெரிகிறது. கிணறு போல வட்டமாக மண்ணுக்குள் இறக்கிய அடித்தளத்தின் தலை அது. மூன்று நிறம், மூன்று காலம்: மேலே சாம்பல், நடுவில் கறுப்பு, கீழே மண்ணிலிருந்து புதிதாக வெளியே வந்த செம்மஞ்சள். படுகை ஓர் ஆளுயரத்துக்கும் மேலே இறங்கியிருக்கிறது. மணல் எங்கே போனது என்று பாலாற்றங்கரையில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உண்மையில் ஆற்றுக்குள் கேமராவோடு போகிறவரை முறைப்பவர்களில் போலீஸைவிட வேறு ஆட்கள்தான் அதிகம். அவர்கள் தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. "எந்தப் பத்திரிகை?" என்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் வாதாடாமல் கிளம்பிவிடுங்கள்.

ஒரு தூணின் அடித்தளம் வெளியே வருவது என்பது நீங்கள் படிக்கும் பாடம், எனக்கு நீங்கள் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். நீரில்லா ஆறு என்ற கேலி ஒரே இரவில் செத்தது. தரைப்பாலங்கள் உடைந்தன, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அடுத்த மாதமே திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் இடையில் பொன்னை ஆற்றின் மேல் உள்ள ரயில் பாலத்தில் பழுது கண்டுபிடிக்கப்பட்டு, சென்னை மார்க்கத்து ரயில்கள் ரத்தாகிப் பயணிகள் அல்லாடினார்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் அது எதை அரித்துக்கொண்டு போனது என்பது தெரியும். வெள்ளத்துக்கு முன் எடுத்த படம் இல்லாவிட்டால் பின் எடுத்த படத்தை எதோடு ஒப்பிடுவது? ரயில் பாலத் தூண்களில் வெள்ள அபாய அளவை வண்ணத்தில் குறித்திருப்பார்கள், கரையில் நின்றே அது தெரியும். சாலைப் பாலங்களின் கைப்பிடிச் சுவரில் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். எந்தப் பாலத்துக்குப் போனாலும் முதல் படம் அந்த எண்ணாக இருக்கட்டும். முப்பது வருடத்தில் என் நெகட்டிவ்களில் பாதி எந்தப் பாலம் என்றே தெரியாமல் கிடக்கின்றன, அந்தப் புத்தி எனக்கு அப்போது இல்லாததால்.

வெள்ளத்தின் நடுவில் எடுக்கப் போகாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? அப்போது ஆட்சியர் தடை உத்தரவு போட்டுப் பாலத்தை மூடுவார். அது அந்த நேரத்துச் சட்டம், அங்கே நான் மேலே சொன்ன எந்த வாதமும் நிற்காது, நிற்கவும் கூடாது.

மறுபக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். பாலத்தின் முழுத் தோற்றம் யாருக்கும் ரகசியம் இல்லை. இஸ்ரோவின் புவன் தளத்தில் வானிலிருந்து எடுத்த படமாகவே பார்க்கலாம். 2021-இல் ஒன்றிய அரசே புவியிடத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. ஆனால் காவலர் எத்தனை பேர், எப்போது மாறுகிறார்கள், கண்காணிப்புக் கேமரா எங்கே, கட்டுப்பாட்டு அறையின் கதவு எது, கேபிள் எந்த வழியாக உள்ளே போகிறது போன்றவை வானத்திலிருந்து தெரியாது. அவற்றை எடுக்கும்போது காவலாளி பதறினால் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. பாலத்தில் இவை பெரும்பாலும் கிடையாது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீரேற்று நிலையங்களிலும், திருவலம் அருகே உள்ள 765 கிலோவோல்ட் மின் துணைநிலையத்திலும் உண்டு. உங்கள் கட்டுரைக்கு அவை தேவையும் இல்லை. விட்டுவிடுங்கள். மோர்தானா போன்ற அணைகளில் என்ன பலகை வைத்திருக்கிறார்களோ அதற்குக் கட்டுப்படுங்கள், மதகு இயக்கும் மேடை யாருக்கும் வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. தொரப்பாடி மத்தியச் சிறைச் சுவரைப் பற்றி விளக்க வேண்டியதே இல்லை. கோட்டை தொல்லியல் துறையுடையது: கையில் வைத்து எடுக்கலாம், ட்ரைபாட் விரித்தால் அனுமதி கேட்பார்கள்.

ட்ரோன் பற்றி நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2021-இன் ட்ரோன் விதிகள் வந்த பிறகு பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கவிட முன் அனுமதி வேண்டாம் என்பது சரிதான். ஆனால் ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். எது பச்சை, எது அனுமதி வேண்டிய மஞ்சள், சிவப்பு என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அன்றைக்கே பார்க்க வேண்டும். அரக்கோணம் பக்கத்தை மறந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறக்கவிடுங்கள். கீழே நிற்பவனைச் சந்தேகப்படாத ஊரும் மேலே பறப்பதைச் சந்தேகப்படும். 2025 மே மாதத்து இந்திய–பாகிஸ்தான் மோதலுக்குப் பிறகு இன்னும் அதிகமாக.

இனி கடிதங்கள். மாநில நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு வேலூரில் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளவற்றுக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநர். அணை, அணைக்கட்டு, மதகு என்றால் நீர்வளத் துறைச் செயற்பொறியாளர். ரயிலில் ஒரு குழப்பம் வரும், கவனியுங்கள்: திருவலம், காட்பாடி வழியாகப் போகும் பிரதான பாதை சென்னைக் கோட்டம். காட்பாடியிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் போகும் பாதை, அதாவது நம் பாலாற்றைக் கடக்கும் அந்த ரயில் பாலம், திருச்சிராப்பள்ளிக் கோட்டம். ஒருவருக்கு எழுத வேண்டியதை இன்னொருவருக்கு எழுதினால் பதில் வராது, மறுப்புகூட வராது.

அந்தச் சீருடைக்காரர் சொன்னது உண்மையா என்று எழுத்தில் தெரிய வேண்டுமானால் 10 ரூபாய்ச் செலவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. "இன்ன கிலோமீட்டரில் உள்ள இன்ன பாலம் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(8) பிரிவில் தடைசெய்யப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டுள்ளதா, ஆம் எனில் அரசிதழ் அறிவிப்பின் நகல் தருக" என்று இரண்டே வரி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பாலத்தின் வரைபடம் எல்லாம் அதே மனுவில் கேட்காதீர்கள், பாதுகாப்பு விலக்கைக் காட்டி மொத்தமாகத் திருப்பிவிடுவார்கள். பதில் வந்ததும் நகலெடுத்து அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மேலிருந்து குரல் வந்தால் "எந்தச் சட்டம்?" என்று கேட்க வேண்டியதில்லை, அந்தத் தாளை நீட்டினால் போதும்.

கடைசியாக, அழித்த அந்த நாற்பது படங்கள். கைபேசியில்தான் எடுத்தீர்கள் என்றால் அவை இன்னும் போயிருக்காது. பெரும்பாலான கைபேசிகளில் அழித்த படம் சமீபத்தில் நீக்கியவை என்ற பெட்டியில் 30 நாள் கிடக்கும். போன வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே நாள் இருக்கிறது. அந்தப் பெட்டியையும் காலி செய்ய வைத்திருந்தார் என்றால் மெமரி கார்டைக் கழற்றித் தனியே வையுங்கள், அதன் மேல் புதிதாக எதுவும் எடுக்காதீர்கள், மீட்டெடுக்கும் மென்பொருள் வைத்திருக்கும் கடைகள் வேலூரில் உண்டு. எனக்கு 1994-இல் அந்த வசதி இருந்திருந்தால் ஒரு பாட்டியின் படம் மிஞ்சியிருக்கும். கரையிலிருந்து நாலாவது தூண் உங்கள் படங்களில் இருந்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். இந்தப் பொங்கலுக்கு முழங்கால் வலியால் என்னால் ஆற்றில் இறங்க முடியவில்லை.